1964-இன் கொப்பரை வாசனை

லண்டனில் ஒரு உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. சேர்ந்த மூன்றாவது வருடம், வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த 1964-ஆம் வருடத்து ரியோஹா ஒயினைக் கொண்டுவந்தார். ரியோஹா ஸ்பெயினில் உள்ள ஒரு பகுதி, அங்கே அந்த வருடத்து அறுவடையை இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். சிவப்பு ஒயினுக்குக் காற்றுப் பட வேண்டும் என்பதுதான் நான் படித்திருந்த பாடம். அவர்கள் சாப்பிட உட்கார ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே பாட்டிலைத் திறந்து, காற்றுப் படுவதற்கான அகன்ற கண்ணாடிக் குடுவையான டிகாண்டரில் ஊற்றி வைத்துவிட்டேன். அவர் முதல் வாய் குடித்தபோது அதில் புளிப்பைத் தவிர எதுவும் மிச்சமில்லை. என்னை அவர் திட்டவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

இரண்டு வருடம் கழித்து ரியோஹாவின் ஆரோ ஊருக்குப் போனேன். அங்கே பழைய ஒயின் நிறுவனங்கள் பல, ரயில் நிலையத்தைச் சுற்றியே நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அந்த நாட்டின் போர்தோ பகுதி வணிகர்கள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். சரக்கு ஏற்ற ரயில் தயாராக இருந்தது. இங்குள்ள நிறுவனங்களில் லோபெஸ் தெ எரேதியா 1877-லும் லா ரியோஹா ஆல்டா 1890-லும் தொடங்கப்பட்டவை. போர்தோவின் 225 லிட்டர் பீப்பாயும் இந்த ஊருக்குப் பழக்கமாகிவிட்டது, ஆனால் மரம் மட்டும் பெரும்பாலும் அமெரிக்க ஓக்.

நான் போன நிலவறையில் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. அங்கே வேலை செய்த பெரியவர் ஒரு 1964-ஐ எங்களுக்காக இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்திருந்தார், மண்டி அடியில் இறங்கட்டும் என்று. தக்கை பாதியில் உடைந்தது. அவர் பதறவில்லை. இரண்டு மெல்லிய தகடுள்ள கருவியை ஓரமாகச் செருகி, மீதியை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தார். டிகாண்டரைத் தொடவே இல்லை. மெழுகுவத்தியைப் பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நேராகக் கோப்பைகளில் ஊற்றினார், மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

அந்த மண்டிதான் விஷயம். இளம் ஒயினின் துவர்ப்பு காற்றுப் பட்டால் கொஞ்சம் இளகும். பழைய ஒயினில் துவர்ப்பும் நிறமும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, பெரும்பகுதி அடியில் படிந்துவிடுகிறது. காற்று இளக்குவதற்கு அங்கே அதிகம் இல்லை. மேலே தெளிந்து நிற்பது மெல்லியது, அதன் வாசனை சீக்கிரம் பறந்துவிடும்.

நிறம் செங்கல் போல, ஓரத்தில் ஆரஞ்சு. முதலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போல ஒரு வாடை. நான் ஏமாந்துபோனேன். ஐந்து நிமிடம் போனது. காய்ந்த ஆரஞ்சுத் தோல் வந்தது, அப்புறம் புகையிலை, மழைக்குப் பின் ஈரமான சருகு. வாயில் புளிப்பு இன்னும் உயிரோடு இருந்தது, ஆனால் உறுத்தவில்லை. பிறகு சட்டென்று கொப்பரை! எண்ணெய் ஆட்டுவதற்காக முற்றத்தில் காயப்போட்ட கொப்பரையின் அதே வாசனை. தேங்காயை நினைவுபடுத்தும் லாக்டோன்கள் என்ற வாசனைப் பொருட்கள் அமெரிக்க ஓக்கில் அதிகம். இது பாடமாக எனக்கு முன்பே தெரியும், ஆனால் எங்கள் வீட்டு முற்றம் அந்த நிலவறையில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

இருபது நிமிடத்தில் கொப்பரை போய்விட்டது. அரை மணி நேரத்தில் ஆரஞ்சுத் தோலும் இல்லை. லண்டனில் அந்த ஒன்றரை மணி நேரம் டிகாண்டரில் என்ன நடந்திருக்கும் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. எல்லாம் வந்திருக்கிறது, வந்து போயிருக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லாமல்.

இப்போது பழைய பாட்டில் வந்தால், எல்லோரும் உட்காரும்வரை நான் தக்கையைத் தொடுவதில்லை. அந்த வாடிக்கையாளர் அதன் பிறகு எங்கள் உணவகத்துக்கு வரவில்லை. அவரிடம் இருந்தது அந்த ஒரு பாட்டில்தான்.