அறுபது அடியில் ஒரு கல்

ஜனவரி 5, கன்னங்குறிச்சி

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. மொட்டை மாடியில் உட்கார்ந்தால் எதிரே சேர்வராயன் மலை, மடியில் லேப்டாப்பில் கனடாவின் சஸ்காட்செவன் சமவெளி. போன ஆகஸ்டில் அங்கே 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டு எடுத்த பதிவுகளை இந்த விடுமுறையில் முடித்துவிட வேண்டும்.

என்ன வேலை என்று பலரும் கேட்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். ஒரு துளைக்குள் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும் சுத்தியலை இறக்கி அடிக்கிறோம். அடுத்த துளையில் அதே ஆழத்தில் ஜியோஃபோன், அதாவது நில அதிர்வைப் பதிவுசெய்யும் கருவி, இருக்கும். இடைவெளியை, அதிர்வு போய்ச்சேர எடுத்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். மீட்டர் மீட்டராக 30 மீட்டர் வரை இப்படியே இறங்குவோம்.

அங்குள்ள மண்ணுக்கு 'டில்' என்று பெயர். பனிப்பாளம் நகர்ந்தபோது அடியில் சிக்கியதையெல்லாம் அரைத்து, களியும் மணலும் கல்லுமாகப் பிசைந்து விட்டுப்போனது. அதில் துளை போட்டால் துளை இறங்கிய இடம் மட்டும்தான் தெரியும். ஒரு முழம் தள்ளி ஆள் உயரக் கல் கிடந்தாலும் தெரியாது. இரண்டு துளைக்கும் நடுவில் இருப்பதை அலையிடம்தான் கேட்க வேண்டும்.

ஜனவரி 7

ஒவ்வொரு பதிவிலும் அலை முதலில் வந்து சேர்ந்த நொடியைக் குறிக்கும் வேலை. காலையில் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் வரை.

அடித்ததும் இரண்டு வகை அலை கிளம்பும்: மண்ணை முன்னும் பின்னும் அமுக்கிக்கொண்டு முதலில் வரும் பி அலை, பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு பின்னால் வரும் எஸ் அலை. பி அலை இங்கே அதிகம் உதவாது. நீர்மட்டத்துக்குக் கீழே மண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. தண்ணீரிலேயே அது வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், அதனால் மண் இளக்கமா இறுக்கமா என்பது அதில் மங்கிப்போகும். எஸ் அலை தண்ணீரில் போகாது. மண் துகள்கள் கோத்து நிற்கும் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டுதான் போயாக வேண்டும். அதனால்தான் எனக்கு எஸ் அலை வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சுத்தியலால் ஒருமுறை மேல்நோக்கி, ஒருமுறை கீழ்நோக்கி அடிப்போம். இரண்டு பதிவையும் சிவப்பு, நீலக் கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்று போட்டால் கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட ஒட்டியே வரும். திடீரென்று ஓரிடத்தில் சிவப்பு மேலே ஏறும், நீலம் கீழே இறங்கும். பிரிகிற அந்த இடம்தான் எஸ் அலை.

ஜனவரி 8

மதியம் வரை கரண்ட் இல்லை. 11 மீட்டர் வரைதான் முடிந்தது.

ஜனவரி 10

முடித்துவிட்டேன்! 18 மீட்டருக்கு மேலே வேகம் வினாடிக்கு 310 மீட்டர் அளவில் இருக்கிறது. 18இல் ஒரு தாவல், 400. அங்கிருந்து சீராக ஏறி 30 மீட்டரில் 506.

இரண்டு டில் அடுக்குகள் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பக்கத்தில் மேலே இருக்கும் அடுக்குக்குப் பாட்டில்ஃபோர்ட் என்று பெயர், அதற்குக் கீழே பழைய, கெட்டியான அடுக்கு ஃப்ளோரல். ஆனால் என்னைத் தூங்கவிடாதது கீழே ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோடுதான். பனியின் எடை அழுத்திய தடம் அப்படியே நிற்கிறதோ? ஒரு கிலோமீட்டர் தடிமன் பனி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 900 டன். அடியில் தேங்கிய நீர் அதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும் என்பதும் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

ஜனவரி 11

அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் 22 வருஷம் இருந்தவர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கெங்கோ போர் போட்டவர். காபி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார், படத்தைக் காட்டினேன். துளைக்குள் இறக்கிய பிளாஸ்டிக் குழாயைச் சுற்றி சிமெண்டும் பென்டோனைட் என்ற களிமண்ணும் கரைத்து ஊற்றினோம், சந்து விட்டால் அலை செத்துவிடும் என்றேன். தலையாட்டினார். அப்புறம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ரெண்டு போரும் நேரா இறங்குச்சா கண்ணு?"

முதல் துளையின் சாய்வு அளவு கையில் இருந்தது, ஏறக்குறைய நேர். இரண்டாவதன் அளவு வந்து சேரவில்லை. அதுவும் நேர்தான் என்று வைத்துக்கொண்டு 5 மீட்டரையே எல்லா ஆழத்துக்கும் போட்டிருந்தேன். சொன்னேன்.

"எந்தப் போரு நேராப் போயிருக்கு? கல்லுல பட்டா துளைக்கிற பிட்டு சரிஞ்சுதான் போகும்."

இரவு சரியாகச் சாப்பிடவில்லை. களத்தில் உடன் இருந்த தோழிக்கு அந்தக் கோப்பைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 13

காத்திருக்கப் பொறுக்காமல் அப்பாவோடு ஏற்காடு போனேன். எஸ்டேட்டுகளில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தி, சாலைக்காக வெட்டிய மண்சரிவைப் பார்த்தோம். செம்மண்ணுக்குள் உருண்டை உருண்டையாக, இந்த மலையின் பாறையான சார்னோகைட் கற்கள். தூரத்திலிருந்து டில் என்றே சொல்லிவிடலாம். கிட்டே போனால் கல்லைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது, விரலால் தட்டினால் உதிர்கிறது. இருந்த இடத்திலேயே மக்கி உருண்டையானவை இவை, எதுவும் உருட்டிக்கொண்டு வரவில்லை.

பையில் இருந்த கனடாக் கல்லை அதன் பக்கத்தில் வைத்தேன். உள்ளங்கை அளவுச் சுண்ணாம்புக்கல். ஒரு பக்கம் சாணை பிடித்ததுபோல் தட்டை, அதில் சீப்பால் இழுத்தது மாதிரி ஒரே திசையில் கீறல்கள். அப்பா நகத்தால் வருடிப் பார்த்து, "பிட்டு பட்டதா?" என்றார். பனி இழுத்தது என்றேன். நீண்ட நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட படிவம் உண்டு. ஒடிசாவின் தால்ச்சேரில் ஏறக்குறைய 30 கோடி ஆண்டுக்கு முந்தைய பனி விட்டுப்போன கல்படுகையை 1856இலேயே அடையாளம் கண்டார்கள். ஒருநாள் அப்பாவை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்தது, கோப்பும் வந்தது. இரண்டாவது துளை 18 மீட்டர் வரை நேராக இறங்கியிருக்கிறது. அங்கிருந்து முதல் துளையை நோக்கி 5 டிகிரி சாய்வு. 12 மீட்டர் கீழே போவதற்குள் 1.05 மீட்டர் நெருங்கிவிட்டது. 30 மீட்டரில் உண்மையான இடைவெளி 3.95 மீட்டர்தான், வேகம் 506 இல்லை, 400. 18 முதல் 30 வரை ஒரே 400. ஏறிக்கொண்டே போன கோடு படுத்துவிட்டது.

மண்ணின் விறைப்பு, அதாவது சுமையில் வளையாமல் நிற்கும் திறன், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கால் பங்கு கூடுதலாகப் போன வேகம், விறைப்பை 60 சதவீதம் கூட்டிக் காட்டியிருக்கும். இதை நம்பி யாராவது அஸ்திவாரம் கணக்குப் போட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

தாவல் மட்டும் அசையவில்லை. 18 மீட்டரில் துளை இன்னும் நேராகத்தான் இருந்தது, எனவே 310இலிருந்து 400 என்பது நிஜம்.

ஜனவரி 18

"பதினெட்டு மீட்டர்னா அறுபது அடி. போர் போட்டவங்க அந்த இடத்துல என்ன எழுதியிருக்காங்க?" என்றார் அப்பா.

துளையிட்டவர்களின் குறிப்பேட்டை நான் ஸ்கேன் செய்து வைத்ததோடு சரி. தேடி எடுத்தேன். 18 மீட்டருக்கு நேரே ஒரு வரி: கல், ரிக் குலுங்கியது. சஸ்காட்செவனில் இரண்டு டில்களுக்கு நடுவே சில இடங்களில் பாவியதுபோல் ஒரு கல்வரிசை கிடக்கும், மேல்பக்கம் பனி தேய்த்த கீறல்களோடு. ஒரே ஒரு கல்லை வைத்து இதுவும் அதுதான் என்று எழுத மாட்டேன். ஆனால் அலை தாவிய ஆழமும் துளை திரும்பிய ஆழமும் ஒன்று. அந்த வரியைப் படத்தில் ஏற்றிவிட்டேன்.

"கல்லைத் தாண்ட எவ்வளவு நேரமாச்சுன்னு போட்டிருக்கா?"

நாற்பது நிமிஷம் என்று போட்டிருந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அந்தப் பக்கத்தைப் பெருசாக்கிக் காட்டு" என்றார்.