பதோலஜி ரிப்பீட்டும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும்

மருத்துவ பீடத்தில் பதோலஜியில் (நோயியலில்) எனக்கு முதல் தடவை ரிப்பீட் விழுந்தது, அதாவது திரும்ப எழுதவேண்டி வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி போயிருக்கும்தான், ஆனால் கவிழ்த்த கேள்வி எது என்று நன்றாகத் தெரியும். 70 வயதுக்காரர், மாரடைப்பு, அடைபட்ட நாடியை (இதயத்துக்குக் குருதி கொண்டுபோகும் குழாயை) திறந்தாயிற்று, திறந்த கொஞ்ச நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகிறது, ஏன்? இதே நிலை 35 வயதுக்காரருக்கு வந்தால் சேதம் எப்படி வேறுபடும்? நான் ஒட்சிசன் இல்லை, ஏடிபி (கலத்தின் சக்தி மூலக்கூறு) இல்லை, கலம் செத்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வயதுக்கு ஒரே வரி: நாடி தடித்திருக்கும். திறந்த பிறகு, குருதி திரும்பி வருவதாலேயே நடக்கும் சேதத்தைத்தான் (ரீபெர்ஃபியூஷன் இன்ஜரி) கேட்டிருக்கிறார்கள் என்பது வெளியே வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் உறைத்தது.

ரிப்பீட்டுக்குப் படிக்கத் திருகோணமலைக்கு வீட்டோடு வந்துவிட்டேன். அந்தக் கிழமை எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது, மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. அடுத்த ஒழுங்கையில் இருக்கும், வயரிங் வேலை செய்யும் மாமா வந்து பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "தம்பி, கரண்ட் போகேக்க ஒண்டும் எரியாது. திரும்பி வரேக்கதான் எரியும்." அம்மா விடவில்லை. "ஸ்டெபிலைசர் போட்டுத்தானே அண்ணை வச்சிருக்கிறம்?" "இருக்குத் தங்கச்சி, ஆனா அதுக்குள்ள ரிலே பழசு. கரண்ட் கூடிட்டுதெண்டு அதுக்கு விளங்கிறதுக்கிடையில இது முடிஞ்சுது."

என் கேள்வியின் இரண்டு பாதிக்கும் மனுசன் ஸ்குரூ டிரைவரோடு விடை சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை நான் தலைப்புவாரியாகப் படிக்கவில்லை, நேரவாரியாகப் படித்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் "நாடி திறந்தது" என்று ஒரு வெட்டுப் போடுங்கள்.

வெட்டுக்கு இடப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூளை சில நிமிடம்தான் தாங்கும், இதயத் தசை 20 நிமிடம் வரை பெரும்பாலும் மீளும், கை கால் தசை மணிக்கணக்காகத் தாங்கும். ஏடிபி குறைகிறது, சோடியம் பம்பி நிற்கிறது, கலம் வீங்குகிறது, லக்டிக் அமிலம் சேர்ந்து உள்ளே புளிக்கிறது. இந்தப் புளிப்பை மட்டும் அடிக்கோடிடுங்கள். கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணியின் சவ்வில் எம்பிடிபி என்று ஒரு துளை இருக்கிறது, அது திறந்தால் கலத்தின் கதை முடிந்தது. அமிலத்தன்மை இருக்கும்வரை அந்தத் துளை மூடியே இருக்கும். அதாவது குருதி வராத நேரத்தில் அந்தப் புளிப்பே ஒரு காவல். இதை எங்கள் பட்ச்சில் பாதிப்பேர் எழுதியிருக்க மாட்டார்கள், நானும்தான்.

வலப்பக்கம் வேறு உலகம். குருதி வந்து அமிலத்தைக் கழுவுகிறது. கலம் ஐதரசன் அயனை வெளியே தள்ளிச் சோடியத்தை எடுக்கிறது, பிறகு அந்தச் சோடியத்தைத் தள்ளிக் கல்சியத்தை எடுக்கிறது, உள்ளே கல்சியம் வெள்ளமாகிறது, துடிப்புக் குழம்புவதில் இதற்குப் பெரிய பங்கு. இன்னொரு பக்கம், அடைப்பு நேரத்தில் குவிந்து கிடந்த சக்சினேற்று என்ற எரிபொருள் ஒட்சிசன் வந்ததும் மளமளவென்று எரிகிறது, இலத்திரன்கள் இழைமணியின் முதலாம் சிக்கல் என்ற புரதக் கூட்டுக்குள் பின்னோக்கி ஓடிச் சுப்பரொக்சைட் என்ற, கலத்தைத் தாக்கும் ஒட்சிசன் வடிவத்தைக் கொட்டுகின்றன (இது தெளிவானது 2014இல்தான், சீனியர்களின் பழைய குப்பி வகுப்பு நோட்ஸில் தேடாதீர்கள்). கல்சியம், சுப்பரொக்சைட், புளிப்பு நீங்கியது, மூன்றும் சேர்ந்து துளையைத் திறக்கின்றன. நியூத்திரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் வருவதும் நுண்குழாய்கள் அடைபட்டுக் குருதி உள்ளே போகாமல் நிற்பதும் அதற்குப் பிறகு, அவற்றுக்கு இரண்டு வரி போதும்.

கலத்துக்குள் செய்தி கடத்தும் சமிக்ஞைப் பாதைகள்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறவை. எழுத்துக் கோர்வைகளைப் பாடமாக்க வேண்டாம், 1986இல் நாய்களில் செய்த பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். நாடியை 5 நிமிடம் அடைத்துத் திறப்பது, இப்படி நான்கு தரம், அதன் பிறகு 40 நிமிட அடைப்பு. சின்ன அடைப்புகளால் இப்படி முன்பயிற்சி கிடைத்த இதயத்தில் இறந்த பகுதி, கிடைக்காததில் இருந்ததன் கால்வாசிதான். சின்ன அடைப்பில் வெளியாகும் அடினோசின், பிரடிகைனின் போன்றவை ஏற்பிகளைத் தட்ட, ஏகேடி, ஈஆர்கே, பிகேசி எப்சிலன் என்ற நொதிகள் எல்லாம் விழிக்கின்றன, ஜிஎஸ்கே-3 பீட்டா என்ற நொதி அணைக்கப்படுகிறது, எல்லாம் போய் நிற்குமிடம் அதே துளையின் வாசல்: திறக்காதே. பெயர் மறந்தாலும் வாசல் நினைவிருந்தால் அரைவாசிப் புள்ளி நிச்சயம்.

இனி வயது, மாமா சொன்ன இரண்டாவது விடை: ரிலே பழசு. வயதான விலங்குகளின் இதயத்தில் இந்த முன்பயிற்சியின் பயன் குறைகிறது, சிலவற்றில் இல்லாமலே போகிறது. பிகேசி எப்சிலன் போகவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போவதில்லை. பழுதான இழைமணிகளை அப்புறப்படுத்தும் வேலையும் மந்தமாவதால், இலத்திரன் கசியும் பழசுகள் உள்ளேயே கிடக்கின்றன, துளை குறைந்த கல்சியத்துக்கே திறக்கிறது. கேள்வி சிறுநீரகமென்றால் அதைக் காக்கும் க்ளோத்தோ புரதம் வயதோடு குறைவதையும், முதுமையடைந்த கலங்கள் பிரியாமலும் சாகாமலும் இருந்து அழற்சிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருப்பதால் ஆறவேண்டிய காயம் நார்த் தழும்பாக முடிவதையும் சேருங்கள். வயதான எலிகளில் உடற்பயிற்சியும் உணவுக் குறைப்பும் முன்பயிற்சியின் பயனை ஓரளவு மீட்டிருக்கின்றன. கோணேசர் கோயில் ஏற்றத்தை இன்னும் நடந்தே ஏறும் அம்மம்மாவை இதைப் படித்தபோது நினைத்தேன், அவர் எலி இல்லை என்பதால் விடைத்தாளில் எழுதவில்லை.

சைக்ளோஸ்போரினையும் விடாதீர்கள். அந்தத் துளையைத் தடுக்கும் மருந்து, விலங்குகளில் பலன் தந்தது, 2015இல் வெளியான சிர்கஸ் (CIRCUS) என்ற ஆய்வில் மாரடைப்பு நோயாளிகளுக்கு உதவவில்லை. ஆய்வுகூட விலங்குகள் பெரும்பாலும் இளசு, நோயில்லாதவை, வார்ட்டில் கிடப்பவர்களோ சீனி, பிரஷரோடு வயதானவர்கள். இதை ஒரே காரணமாக எழுதினால் வெட்டுவார்கள், காரணங்களில் ஒன்றாக எழுதுங்கள்.

ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதப்போகிறவர்கள் முதலில் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான் பின்னேரங்களில் டச்சுக்குடாக் கரையிலும் கோட்டைப் பக்கமும் சொல்லிக்கொண்டே நடந்தேன், மான்களைத் தவிர யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே தடக்குகிறதோ அங்கேதான் விளங்கவில்லை.

இரண்டாம் தடவை இதே கேள்வி வரவில்லை. வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில்தான் வந்தது. தாளில் அந்தக் கோடு போட்டுச் சொல்லி முடித்ததும் மேடம் கேட்டார், "திறந்தால் இவ்வளவு சேதமென்றால் திறக்காமலே விடலாமா?" திறக்காவிட்டால் அந்தத் தசை முழுவதும் போகும் மேடம், முந்தித் திறந்தால் இந்த இரண்டாவது சேதமும் குறையும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஈரலுக்குப் போய்விட்டார்.