அட்டைப்பெட்டி ரோபோவும் அக்டோபர் குளிரும்

என் மகனுக்கு ஆறு வயது. கொலு முடிந்து பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, ஹாலோவீனுக்கு நான் ரோபோவா போறேன். கடையில வாங்குறது வேண்டாம், நீதான் செய்யணும்" என்றான். கையில் இருந்த செட்டியார் பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றியபடியே சரி என்று சொல்லிவிட்டேன்.

மாறுவேடம் எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் பள்ளிப் போட்டியில் ஔவையாராகக் கோல் ஊன்றி மேடையேறியவள் நான். ஆனால் அது இரண்டு நிமிட வேலை. மேடையில் நிற்கிறோம், நாலு வரி சொல்கிறோம், இறங்கிவிடுகிறோம். இங்கே அமெரிக்காவில், டெட்ராய்ட் பக்கத்தில், ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். எங்கள் ஊரில் ஆறிலிருந்து எட்டு வரை பிள்ளைகள் மாறுவேடத்தில் வீடு வீடாகச் சாக்லேட் வாங்கப் போவார்கள். இருட்டு, குளிர், வீட்டுக்கு வீடு நாலு படி. அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளை போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய உடையாக இருக்க வேண்டும். இதை நான் முதலிலேயே யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் எடுத்தது 18 அங்குல அகலம், 16 அங்குல உயரமுள்ள பெட்டி, வீடு மாறும்போது சாமான் கட்டுவது. தலைக்கும் கைக்கும் துளை போட்டு மாட்டிப் பார்த்தேன். தோள் எங்கோ நடுவில் நின்றது, முழங்கைக்குக் கீழேதான் கையே வெளியில் வந்தது. சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருபுறமும் விறைத்து நின்றான். மாடிப்படியில் ஏறச் சொன்னேன். முழங்காலைத் தூக்கினால் பெட்டியின் கீழ்விளிம்பு தொடையில் இடித்தது. இரண்டாவது படியிலேயே, "அம்மா, கால் வரல" என்று நின்றுவிட்டான்.

அடித்தளத்தில் போய்த் தேடினால் சரியான அளவில் இருந்தது ஒரே ஒரு பெட்டிதான்: 16 அங்குல அகலம், 12 அங்குல ஆழம், 12 அங்குல உயரம். அதில் செட்டியாரும் அவர் மனைவியும் மரப்பாச்சிகளும் இருந்தார்கள். அவர்களைத் துணிக்கூடைக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். பெட்டி இடுப்போடு நின்றது, படி ஏற முடிந்தது, உட்காரவும் முடிந்தது. கைத்துளையைப் பக்கத்தின் நடுவில் போடாமல், மேல்விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே, கொஞ்சம் முன்பக்கம் தள்ளிப் போட்டேன். நம் கைகள் இயல்பாக முன்னால்தானே நீளும். நடுவில் துளை போட்டால் பிள்ளை நாள் முழுக்கத் தோளைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அட்டை விளிம்பு கழுத்தை அறுக்கும். தண்ணீர்க் குழாய்கள் உறையாமலிருக்க மேலே மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்சுக் குழல் வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. நீளவாக்கில் ஏற்கெனவே கீறியிருப்பார்கள். அளவாக வெட்டிக் கழுத்துத் துளையைச் சுற்றியும் கைத்துளைகளைச் சுற்றியும் அப்படியே செருகினேன். இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

கைக்கு, துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் மாட்டும் வெள்ளி நிற மடிப்புக் குழாய். நாலு அங்குல விட்டம். பார்த்தவுடன் ரோபோ கை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதற்குள் சுருள்கம்பி ஓடுகிறது. மேல்தாளைக் கத்தரியால் வெட்டிவிடலாம், கம்பிக்குக் குறடு வேண்டும். வெட்டியவுடன் கம்பி முனை துள்ளி வந்து என் கட்டைவிரலில் நன்றாக ஏறிவிட்டது. அப்புறம் முனையைக் குறடால் உள்பக்கம் மடித்து, அதன்மேல் டக்ட் டேப்பை உள்ளும் புறமும் இரண்டு சுற்று சுற்றினேன். என் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, எங்கும் உறுத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவன் கையில் மாட்டினேன். செய்கிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பருமனான குளிர்ச்சட்டை அந்தக் குழாய்க்குள் நுழையவில்லை. அதனால் உள்ளே தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் பெட்டி. அட்டை காற்றை நன்றாகத் தடுத்தது, மார்பும் முதுகும் கதகதப்பாகவே இருந்தன.

வண்ணத்தில்தான் சறுக்கினேன். வேலை முடிந்து வந்து மாலையில் கராஜ் வாசலில் வைத்து வெள்ளி ஸ்ப்ரே அடித்தேன். வெளியே ஆறு டிகிரி இருக்கும். டப்பாவிலேயே பத்து டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை. மறுநாள் காலையிலும் கையில் ஒட்டியது, பெட்டியின் எழுத்துகளும் அடியில் நிழலாகத் தெரிந்தன. வார இறுதியில் நல்ல வெயில் வந்தது. மதியம் வெளியே வைத்து, மெல்லிசாக, பூச்சுக்குப் பூச்சு காயவிட்டு மூன்று முறை அடித்தேன். வாடை போக இரண்டு நாள் கராஜிலேயே கிடந்தது. மூலைகளுக்கு அலுமினிய டேப் ஒட்டியதும் தகரப் பெட்டியாகவே மாறிவிட்டது.

தலைக்குச் சின்னப் பெட்டி ஒன்றில் இரண்டு கண் துளை போட்டு வைத்திருந்தேன். வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டி, புள்ளைக்கு மூச்சு முட்டாதா? கீழ படி எப்படித் தெரியும் அவனுக்கு?" என்றார். நான் அந்தப் பெட்டியை என் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தேன். என் கால் எனக்கே தெரியவில்லை. திரும்பினால் முகம் மட்டும் திரும்புகிறது, பெட்டி அங்கேயே நிற்கிறது. அன்றிரவே புருவத்திலிருந்து மோவாய்க்குக் கீழே வரை முன்பக்கத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டேன். அவனுடைய சைக்கிள் ஹெல்மெட்டைப் பெட்டிக்குள் வைத்து வெல்குரோ போட்டு ஒட்டினேன். இப்போது தலை திரும்பினால் பெட்டியும் கூடவே திரும்பியது. முகத்துக்கு வெள்ளிப் பொட்டு மட்டும் வைத்தேன். பள்ளி ஊர்வலத்தில் முகமூடிக்கு அனுமதியில்லை என்பதால் அதற்கும் இது பொருந்திவிட்டது.

விளக்குக்கு, டபுள் ஏ பேட்டரி போடும் சின்ன மின்விளக்குச் சரம். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடுவதாகப் பார்த்து வாங்கினேன். பொத்தான் மாதிரி இருக்கும் லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். அந்தப் பேட்டரி போடும் பொருள்களின் மூடியைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 2022-ல் அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். என்றாலும் அந்த வகையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முதுகில் ஒளியைத் திருப்பியடிக்கும் டேப்பைப் பெரிய பெருக்கல் குறியாக ஒட்டினேன். 1975 முதல் 2016 வரையிலான 42 ஹாலோவீன் மாலைகளை ஆராய்ந்த ஒரு கட்டுரையில், பாதசாரிகள் வண்டியில் அடிபட்டு இறப்பது அன்று மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று படித்ததிலிருந்து எனக்கு அந்த இருட்டைப் பற்றித்தான் கவலை.

மார்பில் தபால் பெட்டி மாதிரி ஒரு வாய் வெட்டச் சொன்னது என் கணவர். உள்பக்கம் ஒரு துணிப்பை. சாக்லேட்டை அதில் போட்டால் நேராக வயிற்றுக்குள் போகும். முதல் வீட்டில் ஒரு பாட்டி கதவைத் திறந்து, சாக்லேட் வாங்க இவன் கையில் வாளி இருக்கிறதா என்று தேடினார். இவன் ஒன்றும் பேசாமல் குழாய்க் கையால் மார்பைத் தட்டிக் காட்டினான். அவர் ஒரு சாக்லேட்டை மெதுவாக உள்ளே தள்ளினார். இவன் "பீப்" என்றான். அவர் இன்னொன்று தள்ளினார். இன்னொரு "பீப்". ஏழு முறை! அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முன்பக்கம் வெட்டாமல் விட்டிருந்தால் அந்தச் சிரிப்பை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

பத்து வீட்டுக்குப் பிறகு பை கனத்துப் பெட்டி முன்னால் சாய்ந்தது. நாலைந்து வீட்டுக்கு ஒருமுறை என் பைக்குக் கொட்டிக்கொண்டோம். ஏழரைக்கு ஒரு கைக்குழாய் கழன்றது, பையில் இருந்த டேப்பால் தெருவிளக்கின் கீழே ஒட்டினேன். எட்டு மணி வரை ஒரு தடவைகூடக் கழற்றச் சொல்லவில்லை.

மறுநாள் பேட்டரிகளை எடுத்துவிட்டு, கைகளைத் தனியே சுருட்டி வைத்தேன். உடம்புப் பெட்டியைக் கலைக்க அவன் விடவில்லை. செட்டியாரும் அவர் மனைவியும் இன்னும் துணிக்கூடையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு 16-க்கு 12-ல் வேறொரு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.