காது ஆபரேஷனும் காப்பீட்டு அட்டையும்

அம்மாவுக்கு இடது காதில் பல வருஷமாகச் சீழ் வடியும். சளி பிடித்தால் கூடும், சொட்டு மருந்து விட்டால் அடங்கும். போன வருஷம் அடங்கவே இல்லை, காதும் மந்தமாகிவிட்டது. திருநெல்வேலியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் அடைக்க முடியும் என்றார். நல்ல டாக்டர், பொறுமையாக விளக்கினார். ஆனால் அவர் கிளினிக்கில் தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு கிடையாது. கைக்காசு போட்டுச் செய்ய எங்களிடம் வசதி இல்லை.

காப்பீடு எடுக்கும் ஆஸ்பத்திரியைத் தேடும்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. இந்தத் திட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியை மொத்தமாகச் சேர்ப்பதில்லை, பிரிவு பிரிவாகத்தான் சேர்க்கிறார்கள். வாசலில் பெரிய போர்டு இருக்கும். போனில் கேட்டால் "எடுப்போம், வாங்க" என்பார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், ஃபீஸ் கட்டி, காத்திருந்து உள்ளே போன பிறகு, "அது இருதயத்துக்கும் எலும்புக்கும்தாம்மா, காதுக்கு இல்லை" என்பார்கள். வயசானவர்களை இப்படி அலைய விடுவது கொடுமை. அதனால் "காப்பீடு உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "காது மூக்கு தொண்டைக்கு உண்டா, செவிப்பறை ஆபரேஷனுக்கு உண்டா?" என்று கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் மாவட்டத்தையும் பிரிவையும் சொல்லி விசாரிக்கலாம். தனியாரில் வெளிநோயாளியாகக் காட்டும் ஃபீஸ் நம் கையிலிருந்துதான் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை குடும்பத்துக்குத்தான். குடும்பம் எது என்பதை ரேஷன் கார்டு சொல்லும். அம்மா பெயர் அண்ணன் கார்டில் இருந்ததால் என் அட்டை உதவாது. அண்ணன்தான் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்), ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் பதிவு செய்தான்.

கடைசியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கே போனோம். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே சீட்டு வாங்கிவிட வேண்டும். கேட்கும் திறனைச் சோதித்தார்கள். சீழ் நின்று காது காய்ந்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள். காப்பீட்டு ஒப்புதலுக்கான தாள்களை அங்கேயே அனுப்பிவிட்டார்கள். காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையில் ஒட்டினார்கள். எங்களிடம் பணம் எதுவும் கேட்கவில்லை. இப்போது சீழ் இல்லை. தலைக்கு ஊற்றும்போது மட்டும் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் வீட்டில் ஆறு வயசுக்குள் காது கேளாத பிள்ளை இருந்தால், காக்ளியர் இம்ப்ளான்ட்டும் (ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும், கேட்க உதவும் கருவி) இதே திட்டத்தில் உண்டு. வயசு தாண்டுவதற்குள் போய்க் கேளுங்கள்.