செவலை அடைக்குப் படுத்த மாதம்

2024 பிப்ரவரி 3, சனி

செவலைக்கோழி முட்டையிட்டு இன்றோடு ஆறு நாள் ஆகிறது. வெள்ளைக்கழிச்சல் நோயோ என்று பயந்து எச்சத்தைக் கிளறிப் பார்த்தேன். பச்சையாகவோ நீர்த்தோ இல்லை, ஆனால் எலுமிச்சை அளவுக்கு ஒரே கட்டியாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு கிடந்தது. அடுத்த வீட்டு ஆச்சி வந்து, வெறுங்கூட்டில் தட்டையாகப் பரந்து கிடந்த கோழியின் அடியில் கையை விட்டாள். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்று சீறியது. "இதுக்கு ஒரு நோவும் இல்ல, அடைக்குப் படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எச்சத்தின் புதிரும் அதிலேயே அவிழ்ந்தது. அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை மட்டுமே இறங்கி, அவசரமாகத் தின்று, நீர் குடித்து, அதுவரை அடக்கியதை மொத்தமாக வெளியேற்றிவிட்டுக் கூட்டுக்குத் திரும்புகிறது.

குற்றம் என்னுடையதுதான். ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் கூட்டில் முட்டைகள் சேர்ந்துவிட்டன. வயிற்றின் கீழ் முட்டைகள் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தால் நாட்டுக்கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுந்து, முட்டை உருவாக்கும் வேலையெல்லாம் நின்று, அடைகாக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. பிறகு முட்டைகளை எடுத்துவிட்டாலும் அது உடனே மனம் மாறுவதில்லை. கடை முட்டையிடும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகளிடம் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து கழித்துவிட்டார்கள். செவலையிடம் அப்படி யாரும் கழிக்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

எங்களிடம் சேவல் இல்லாததால் ஆச்சி வீட்டிலிருந்து பதினொரு முட்டைகள் வாங்கிவந்தேன். ஓலைக்கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க என்று ஆச்சி தந்த கரித்துண்டையும் இரும்பு ஆணியையும் காய்ந்த மிளகாயையும் ஓரமாகச் செருகினேன். ஆணிக்கும் இடிக்கும் என்ன உறவு என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் எடுக்க மனம் வரவில்லை. இருட்டிய பிறகே கோழியைத் தூக்கி வைத்தேன், ஏனென்றால் பகலில் இடம் மாற்றினால் அது பழைய கூட்டுக்கே ஓடிவிடும். அடிவயிற்றில் இறகு உதிர்ந்து வெறுந்தோல் தெரிந்தது. தொட்டபோது சுடுசோற்றுப் பானையைத் தொட்டது போலிருந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்து அந்த வெறுந்தோலுக்குக் கீழே சேர்த்துக்கொண்டது.

பிப்ரவரி 6, செவ்வாய்

இப்போது புள்ளிக்கோழியும் படுத்துவிட்டது. இதற்கும் முட்டை வைக்க என்னிடம் இடமில்லை. மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது என்று ஊரில் பல வைத்தியங்கள் உண்டு. இரண்டையும் நான் செய்வதாக இல்லை. கம்பி வலையால் அடித்தளம் போட்ட கூண்டைச் செங்கற்களின் மேல் தூக்கி வைத்து, தீவனமும் தண்ணீரும் கொடுத்து, வைக்கோல் மட்டும் இல்லாமல் அடைத்திருக்கிறேன். கீழிருந்து காற்றுப் பட்டு அடிவயிற்றுச் சூடு தணிந்தால் அடை தெளியும்.

பிப்ரவரி 10, சனி

புள்ளியைத் திறந்துவிட்டேன். நேராகக் கூட்டுக்குப் போகாமல் குப்பைமேட்டைக் கிளறப் போனது.

பிப்ரவரி 12, திங்கள்

இரவில் கைவிளக்கின் மேல் முட்டைகளை வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் சிலந்தி போல ரத்த நரம்புகள் விரிந்திருந்தன. இரண்டு வெளிச்சம் ஊடுருவும்படி வெறுமையாக இருந்தன. அந்தக் கூமுட்டைகளை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

அடை தெளிந்த பன்னிரண்டாம் நாளில் புள்ளி முட்டையிட்டது. கொண்டை வெளுப்பு மாறி இரண்டு நாளாகவே சிவந்துவந்ததால் எதிர்பார்த்திருந்தேன். வாலடியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே போன வாரம் ஒரு விரல்தான் நுழைந்தது. இன்று மூன்று விரல் நுழைகிறது.

முட்டை நிற்பதற்குக் காரணம் பலவிதம் என்று தெரிந்துகொள்ளாமல்தான் போன ஐப்பசியில் கறுப்பிக்கோழியைப் படாதபாடு படுத்தினேன். அது கூட்டில் படுக்கவில்லை, சீறவுமில்லை, கழுத்தில் தொடங்கி இறகை உதிர்த்துக்கொண்டே முட்டையை நிறுத்தியது. இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் புதிய இறகு வளரும் காலத்தில் முட்டைக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் மிஞ்சாது. நானோ தீவனக்காரரைத் திட்டிவிட்டு, கிளிஞ்சல் தூளை அள்ளி அள்ளி வைத்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

நேற்றோடு இருபத்தொரு நாள். நேற்றுக் காலை கூடைக்குள் கீச்சுக்குரல் கேட்டது, செவலை அதற்கு அடித்தொண்டையில் பதில் சொன்னது; மாலைக்குள் எட்டு குஞ்சுகள். இன்று காலை செவலை அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டதால், மிஞ்சிய ஒரு முட்டையைக் காதருகே வைத்துக் கேட்டேன். அசைவில்லை, தென்னையடியில் புதைத்தேன். குஞ்சுகளைக் கொத்தி விரட்டும்வரை, அதாவது இன்னும் இரண்டு மாதத்துக்காவது, செவலையிடம் முட்டை கிடைக்காது. அதற்குள் கத்திரி வெயில் வந்துவிடும். வெயிலிலும் முட்டை குறையும் என்பதால் ஆனிக்கு முன்பு நான் கூட்டை எட்டிப் பார்க்கப் போவதில்லை.