கேட்டது வைட்டமின் சி

"தம்பி, தினமும் ஆஸ்பிரின் போட்டா வைட்டமின் சி குறைஞ்சிடுமாமே. ஒரு அட்டை குடுங்க." சீட்டில் ஆஸ்பிரின் 75 மி.கி., கேஸ் மாத்திரை பேன்டோபிரசோல் 40, கீழே ஒரு பிரஷர் மாத்திரை. "எழுபத்தஞ்சுக்கெல்லாம் குறையாதும்மா, வேண்டாம்" என்றேன். மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டே, "இல்ல, சி போட்டா கொஞ்சம் தெம்பா இருக்கும்னு..." என்று இழுத்தார் அந்த அம்மா. அதற்குள் பின்னால் நின்றவர் சீட்டை நீட்டிவிட்டார்.

சொன்ன பதிலில் தப்பில்லை. ஆஸ்பிரினால் வைட்டமின் சி குறைகிறது என்ற பேச்சுக்கு அடிப்படை உண்டு. ஆனால் அது முடக்குவாதத்துக்கு ஆஸ்பிரினை ஒரு நாளைக்கு 3, 4 கிராம் வரை கொடுத்துவந்த காலத்தது. அந்த அளவில் வெள்ளணுக்கள் வைட்டமின் சி-யை உள்ளே இழுப்பது குறையும், சிறுநீரில் வெளியேறுவது கூடும். 75 மி.கி. என்பது 3 கிராமில் நாற்பதில் ஒரு பங்கு. பெண்களுக்கு நாளொன்றுக்கு 75 மி.கி., ஆண்களுக்கு 90 மி.கி. வைட்டமின் சி போதும். கடையில் விற்கும் 500 மி.கி. மாத்திரை அதைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு, மிச்சம் சிறுநீரோடு போய்விடும். தண்ணீரில் நுரைக்கும் வகை என்றால் சில நூறு மி.கி. சோடியமும் கூடவே வரும். பிரஷர்காரருக்கு அது தேவையில்லாத வம்பு.

ஃபோலிக் அமிலக் கதையும் இதேதான். ரத்தத்தில் அந்த வைட்டமின் (ஃபோலேட்) ஒட்டியிருக்கும் புரதத்திலிருந்து, ஆஸ்பிரின் உடலில் மாறும் வடிவமான சாலிசிலேட் அதைத் தள்ளிவிடும், பரிசோதனைத் தாளில் எண் இறங்கும். எண் இறங்கியதாலேயே திசுக்களில் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. வைட்டமின் கே-யைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. அது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களின் கவலை, 75 மி.கி. ஆஸ்பிரினுக்கு அதோடு தகராறு இல்லை. தயங்கவேண்டியது வைட்டமின் ஈ விஷயத்தில்தான். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில் 50 மி.கி. வைட்டமின் ஈ-யும் ஆஸ்பிரினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு கூடுதலாக இருந்தது. 400 யூனிட் காப்ஸ்யூலை ஆஸ்பிரினோடு தானாக வாங்கிப் போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

இத்தனையும் தெரிந்துதான் "வேண்டாம்" என்றேன். இருந்தும் அந்த "தெம்பா" என்ற சொல் போகமாட்டேன் என்கிறது. அவர் வைட்டமினைப் பற்றிக் கேட்கவில்லை, களைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பதில் சொன்னது வேறு கேள்விக்கு.

இரண்டு மாதம் கழித்து அடுத்த சீட்டு வந்தது. கூடவே மடித்து வைத்த பரிசோதனைத் தாள்: ஹீமோகுளோபின் 8.4, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. இரண்டுமே ரொம்பக் குறைவு.

எப்படி இறங்கியிருக்கும் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மி.கி. இரும்பு இருக்கிறது. குடல் ஒரு நாளைக்கு உள்ளே எடுப்பது ஒன்றிலிருந்து இரண்டு மி.கி. ஆக, தினமும் இரண்டு மூன்று மில்லி கசிந்தாலே வரவும் செலவும் சரியாகிவிடும், அதற்குமேல் கையிருப்பு கரையத் தொடங்கும். வயிற்றின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளான்டினை ஆஸ்பிரின் குறைக்கிறது, தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுக்க, ஏழிலிருந்து பத்து நாள், ஒட்டவிடாமலும் செய்கிறது. சுவரில் சின்னதாகத் தேய்ந்தால்கூடக் கசிவு சீக்கிரம் அடைபடாது. குடலில் கரையும் பூச்சு போட்ட மாத்திரை என்றாலும் முழுக்கத் தப்ப முடியாது, ஏனென்றால் வேலை ரத்தத்தின் வழியாகவும் நடக்கிறது. பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,000 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது: தினம் 100 மி.கி. எடுத்தவர்களுக்கு ரத்தசோகை 20 சதவீதம் கூடுதல், ஃபெரிட்டினும் வேகமாக இறங்கியிருக்கிறது.

பேன்டோபிரசோலை மறந்துவிடக் கூடாது. ஆஸ்பிரினோடு அதை எழுதுவது வயிற்றைக் காப்பாற்றத்தான், நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ஆனால் இரும்பு உள்ளே போவதற்கும், உணவுப் புரதத்திலிருந்து பி12 பிரிவதற்கும் வயிற்று அமிலம் வேண்டும், அதைத்தான் பேன்டோபிரசோல் குறைக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் இந்த கேஸ் மாத்திரை ஓடினால் பி12 பார்த்துவிடுவது நல்லது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சேர்ந்திருந்தால் கட்டாயம். ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம்தான், அதுவே வருடக்கணக்கில் சரியாக உள்ளே போகாவிட்டால் கால் மரத்துப்போகும் அளவுக்கு வரும். அந்த நேரத்தில் பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் தெரியும், நரம்புச் சேதம் தொடரும்.

இதில் என் தப்பு எவ்வளவு என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு சமாதானமும் வந்து நிற்கும். அன்று அவர் மனம் நோகக்கூடாது என்று இரும்பு சேர்ந்த மல்டிவைட்டமின் ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால்? இரும்பு போட்டால் மலம் கறுக்கும். ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். இரும்பின் கறுப்பு பச்சை கலந்தது, கெட்டியாகப் போகும். ரத்தத்தின் கறுப்பு தார் மாதிரி பளபளத்து ஒட்டும், வாடையே வேறு. ஆனால் குளியலறையில் நின்று யார் இவ்வளவு பிரித்துப் பார்ப்பார்கள்? "சத்து மாத்திரையாலதான்" என்று விட்டிருப்பார், கசிவு இன்னும் சில மாதம் மறைந்து கிடந்திருக்கும். கொடுக்காததே நல்லது என்று இந்த இடத்தில் தேறிக்கொள்ளலாம். ஆனால் மெதுவான கசிவு பல நேரம் நிறத்தையே மாற்றாது. ஆகவே அந்தத் தேறுதலும் முழுசாக நிற்பதில்லை.

ஆஸ்பிரின் போடுகிறவர் சத்து மாத்திரை கேட்டால் இப்போது முதலில் "ஏன்?" என்கிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மலம் எப்படிப் போகிறது, கேஸ் மாத்திரை எத்தனை வருடமாக, மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபன் மாதிரி ஏதாவது நடுவில் போடுகிறாரா. கசிவைக் கூட்டுவதில் அந்த வலி மாத்திரை பெரிய கை. இப்படிக் கேட்பதிலும் ஒரு சிக்கல். "ரத்தம் கசியுமா?" என்று பயந்து ஆஸ்பிரினையே நிறுத்திவிட்டுப் போன ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசவேண்டியிருந்தது, அவருக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கூட்ட நேரத்தில் நாலு கேள்வியில் ஒன்றுதான் கேட்க முடிகிறது. எதைக் கேட்பது என்று இன்னமும் முடிவாகவில்லை. பெரும்பாலும் மூச்சைத்தான் கேட்கிறேன்.

அந்த இரண்டாவது சீட்டில் இரும்பு மாத்திரைக்குப் பக்கத்திலேயே வைட்டமின் சி 500 எழுதியிருந்தது. இரும்பு உள்ளே போக உதவட்டும் என்று சேர்க்கிற வழக்கம். மாத்திரை அளவு இரும்புக்கு அதனால் பெரிய வித்தியாசம் வருவதில்லை, ஆனாலும் எழுதுவார்கள். அந்த அம்மா அந்த வரியில் விரலை வைத்தார்.

"பாத்தீங்களா தம்பி, அன்னைக்கே கேட்டேனே."

"ஆமாம்மா" என்றேன்.

உறையின் மேல் இரும்பு மாத்திரையின் நேரத்தை எழுதினேன். கீழே, "மலம் கறுப்பாகும். தார்போல் ஒட்டினால் உடனே டாக்டரிடம்" என்றும் எழுதி, படித்துக் காட்டிக் கொடுத்தேன்.