மைனி, குவார்ட்டர் கிடைச்சிட்டு!

போன வாரம் கொழுந்தன் போனில் கூப்பிட்டு "மைனி, குவார்ட்டர் கிடைச்சிட்டு" என்று கத்தினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். திண்ணையில் இருந்த மாமா காதில் அது விழுந்து, "காலங்காத்தாலயேவால?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். நம்ம ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், அதிலும் பேசுகிறவன் மிலிட்டரிக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். அவன் சொன்னது குடும்பத்தோடு இருக்க அரசாங்கம் கொடுக்கிற வீட்டை. கல்யாணமாகி ஒன்றரை வருசம், அதில் பதினாலு மாசம் சீனியாரிட்டி லிஸ்ட்டில் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம் நாங்குநேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கார அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால், "ஏழு லட்சம் கோடி கிட்ட ஒதுக்குதாங்க, வீட்டுக்கா பஞ்சம்?" என்கிறார். அவர் மேல் தப்பில்லை. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கினது 6.81 லட்சம் கோடி. அதில் பென்ஷனுக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி (எங்கள் வீட்டுக்காரருக்கு வருகிறதும் அதில்தான், அதனால் இதைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை). விமானம், கப்பல், பீரங்கி வாங்குகிற மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. மிச்சம் சம்பளம், ரேஷன், டீசல், துணிமணி. இருக்கிற கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பது, ஒழுகுகிற கூரையை அடைப்பது எல்லாம் இந்த வருவாய்ச் செலவுக்குள்தான் 'ஒர்க்ஸ்' என்று ஒரு தலைப்பில் வரும். சம்பளத்தை நிறுத்த முடியாது, டீசலை நிறுத்த முடியாது. அப்போ கை இறுகினால் எது தள்ளிப்போகும்? தினமும் தலையில் கூரைத் தண்ணி சொட்டுகிறவளுக்கு அது தெரியும்.

புது வீடு கட்டவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2002-ல் 'மேரீட் அக்கமடேஷன் புராஜெக்ட்' என்று ஆரம்பித்தார்கள். முப்படைகளுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 லட்சம் வீடு குறைகிறது, அதை மொத்தமாகக் கட்டி முடிப்பது என்று திட்டம். கட்டம் கட்டமாகப் போய் இருபது வருசம் தாண்டியும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது ஆரம்பித்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர்களில் பலர் இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

எங்களுக்கு முதலில் கிடைத்தது அந்தப் புது வீடு இல்லை. வடக்கே ஒரு கன்டோன்மென்ட், வெள்ளைக்காரன் காலத்து லைன் வீடு. இரண்டு அறை, பின்னால் ஒரு முற்றம். நம்மூரில் பால் காய்ச்சிப் புது வீட்டுக்குள் போவோம், அங்கே அதற்குப் பெயர் 'மார்ச் இன்'. வீட்டுக்குள் போகிறதுக்கும் மார்ச்சா என்று எனக்குச் சிரிப்பு. ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கிற எம்.இ.எஸ். ஆள் ஒருத்தர் நோட்டோடு வந்தார். ஃபேன் 2, குழாய் 4, கண்ணாடி இத்தனை, தாழ்ப்பாள் இத்தனை என்று கடகடவென வாசித்தார், இவரும் கையெழுத்துப் போட்டார். பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதின கறுப்பு டிரங்குப் பெட்டியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு நான் பார்த்தால், சமையலறைத் தொட்டியில் அடியோடு ஒரு விரிசல். மூன்று வருசம் சோப்பை வைத்து அடைத்தே ஓட்டினோம். கம்ப்ளைன்ட் புக்கில் எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கே இல்லை. வருவார்கள், பார்ப்பார்கள், "பட்ஜெட் வரட்டும்ஜி" என்று போவார்கள். கடைசியில் மாற்றலாகிக் கிளம்பும்போது, 'மார்ச் அவுட்' அன்றைக்கு, அதே தொட்டியைக் காட்டி நாங்கள் உடைத்துவிட்டதாகப் 'பேரக் டேமேஜ்' போட்டுப் பிடித்தம் பண்ணினார்களே பார்க்கணும். சுவரில் நான் காலண்டருக்கு அடித்த ஆணி ஓட்டைக்கும் சேர்த்து. ஆணிக்கு நான் பொறுப்பு, சரி. தொட்டிக்கு?

அப்புறம் இவர் ஃபீல்டு ஏரியா போனதும், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாதவர்களுக்குக் கொடுக்கிற எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் இரண்டு வருசம். அந்த பிளாக்கில் ஆம்பிளைகள் கிடையாது, எல்லாரும் பிள்ளைகளோடு தனியாக இருந்த பொம்பிளைகள். எதிர் வீட்டு கட்வால்காரி ராஜ்மா கொடுப்பாள், நான் சொதி வைத்தால் ஒரு கிண்ணம் போகும். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் 'சஃபேத் சாம்பார்', அதாவது வெள்ளைச் சாம்பார் என்று பெயர் வைத்துவிட்டாள், நானும் திருத்தவில்லை. மோட்டார் கெட்டுப்போன நாலு நாள் எல்லாருமாகக் குடத்தோடு மெஸ் வரைக்கும் நடந்தோம். தாமிரபரணித் தண்ணி குடித்து வளர்ந்தவளுக்கு அந்த உப்புத் தண்ணிக்கு வரிசையில் நிற்கிறது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா ஊர் விஜயநாராயணம் பக்கம். 1990 அக்டோபர் 20-ல் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் வந்து அங்கே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்கிற கடற்படைத் தளத்தைத் தொடங்கிவைத்தார். கடலே கண்ணுக்குத் தெரியாத பொட்டல் காட்டில் நேவிக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தண்ணிக்கு அடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் சேதி அனுப்புகிற இடம் அது. அதற்கான கோபுரங்களில் உயரமானது 471 மீட்டர். ராத்திரி அம்மா வீட்டு மொட்டை மாடியில் படுத்தால் அந்தச் சிவப்பு விளக்குகள்தான் தெரியும். ராணுவத்துக்குக் காசு செலவாகிறது என்றால் ஊர்க்காரர்களுக்கு மனசில் வருவது அந்தக் கோபுரம்தான். அதன் அடியில் யாரோ ஒருத்தி குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணி வருமா என்று நிற்பாள் என்பது யாருக்கும் தோன்றாது, எனக்கே கல்யாணத்துக்கு முன்னால் தோன்றினதில்லை.

சொந்தக் காசைப் போட்டு வாங்குகிற வீடாவது உருப்படியா என்றால், கொச்சியில் நடந்ததைப் பாருங்கள். ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு ஏ.டபிள்யூ.எச்.ஓ. கட்டின சந்தர் குஞ்ச் குடியிருப்பில் இரண்டு டவர்கள், 208 வீடு. 2018-ல் சாவி கொடுத்தார்கள், 2025 பிப்ரவரியில் இரண்டையும் இடித்துத் திரும்பக் கட்டு என்று கேரள ஹைகோர்ட் சொல்லிவிட்டது. அரசாங்கம் கொடுத்த பணம் இல்லை, சர்வீஸில் சேர்த்து வைத்தது. ஏழு வருசம்கூடத் தாங்கவில்லை. எங்கள் லைன் வீடு, என்ன இருந்தாலும், நின்றது.

2022-க்கு அப்புறம் சேருகிற பையன்கள் அக்னிவீர், நாலு வருசம், கல்யாணம் ஆகாதவனைத்தான் எடுப்பார்கள். கல்யாணம் இல்லை என்றால் குவார்ட்டர்ஸும் கேட்க மாட்டான். லிஸ்ட்டைக் குறைக்க இப்படியும் ஒரு வழி இருக்கிறது போல என்று நான் சொன்னால், இவர் "உனக்கு எல்லாத்துலயும் குசும்புதான்" என்கிறார்.

நேற்று கொழுந்தன் வீட்டை வீடியோவில் சுற்றிக் காட்டினான். புது பிளாக், மூணாவது மாடி, பால்கனி எல்லாம் இருக்கிறது. பாத்ரூம் மேலே ஒரு மூலையில் டீ சிந்தின மாதிரி கறை. நிறுத்து நிறுத்து என்று அங்கேயே நிறுத்தினேன்.

"தம்பி, மார்ச் இன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல மைனி, நாளைக்குத்தான் வாராங்க."

"அப்போ அந்தக் கறையை எழுதச் சொல்லு. சிங்க்குல தண்ணிய ஊத்திப் பாரு. ஆணி ஓட்டை எத்தனைன்னு எண்ணு."

"ஆணியெல்லாமா மைனி எண்ணுவாங்க?"

பின்னால் அவன் பொண்டாட்டி எண்ண ஆரம்பித்துவிட்டது கேட்டது. ஹாலில் மட்டும் பதினொண்ணாம்.